பத்துமலையில் மழை ஓய்ந்த பிறகு

பத்துமலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். பார்க்க நிறைய இருக்கிறது. 2006இல் திறந்துவைக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலை, 2018இல் வண்ணம் பூசிக்கொண்ட 272 படிகள், கையிலிருக்கும் தேங்காயைப் பறிக்கக் காத்திருக்கும் குரங்குகள், குகையின் கூரைத் திறப்பில் தெரியும் துண்டு வானம். குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. அதிலும் மழை ஓய்ந்த பிறகு, கார் நிறுத்துமிடத்துக்கும் கோமுட்டர் நிலையத்துக்கும் இடையிலுள்ள கால்வாயோரம் நின்று காது கொடுப்பவர்கள் மிகமிகக் குறைவு.

கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை நான்கு, ஐந்து மணிக்குக் கொட்டும் மழையைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மழை விட்டு, வெளிச்சம் மங்கும் நேரத்தில் அங்கே நின்றால் ஒரு கச்சேரியே கேட்கும். சீப்பின் பற்களை விரலால் வருடுவது போல 'ட்ரிக்... ட்ரிக்' என்று ஒரு குரல். மாடு தூரத்தில் கத்துவது போல 'ஊங்... ஊங்' என்று ஒன்று. பழைய மோட்டார் சைக்கிள் ஓடுவதைப் போல நிறுத்தாமல் 'குர்ர்ர்' என்று இன்னொன்று. இடையிடையே வாத்துக் குரலில் 'க்வாக்'. நான்கும் நான்கு வேறு வேறு இனத் தவளைகள். முதலாவது கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய குறுவாய்த் தவளை. இரண்டாவது முதுகின் இரு பக்கமும் மஞ்சள் பட்டை போட்ட உருண்டைத் தவளை. மூன்றாவது நம் வீட்டு வாசல் விளக்கடியில் பூச்சிக்காக வந்து உட்காரும் சொறித்தேரை. நான்காவது மரத்தவளை.

எல்லாம் ஒரே நேரத்தில் கத்தினாலும் ஒன்றின் குரல் மற்றதை அழிப்பதில்லை. ஒன்று கீழ் சுருதியில் பிடித்தால் ஒன்று மேல் சுருதியில் பிடிக்கிறது. ஒன்று இழுத்துப் பாடினால் மற்றது வெட்டி வெட்டிப் பாடுகிறது. கத்துவது ஆண்கள். கேட்டுத் தேர்ந்தெடுப்பது பெண். ஆயிரம் குரலுக்கு நடுவே தன் இனத்தின் குரலைப் பிரித்தறியும் காது அவளுக்கு இருக்கிறது.

'தவளை தன் வாயாலே கெடும்' என்று நம்மிடம் ஒரு சொலவடை உண்டு. அது வெறும் பழிச்சொல் அல்ல; பனாமா காடுகளில் தவளையின் குரலைக் கேட்டே பறந்து வந்து பிடிக்கும் வௌவால் இனம் ஒன்று இருக்கிறது. ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஆண் தவளைக்கு வாரிசு கிடையாது. கெடுவதற்கும் தழைப்பதற்கும் இருப்பது அந்த ஒரே வாய்தான்.

ஊரோடு ஒத்துப்போனவை

இந்தக் கால்வாய்க் கச்சேரியைக் கேட்டுவிட்டு, 'மழைக்காட்டுத் தவளைகள் நம் ஊரில் சௌக்கியமாக இருக்கின்றன' என்று நினைத்தால் கணக்கு தப்பும். மேலே சொன்ன நான்கும் மனிதரோடு வாழப் பழகியவை. தாமான் கால்வாய், பூந்தொட்டித் தட்டு, பாதி கட்டி நிறுத்திய கடைவீட்டின் அடித்தளத்தில் தேங்கிய தண்ணீர், இவை போதும் அவற்றுக்கு. பிரிக்பீல்ட்ஸ் சந்துகளிலும் அவற்றைக் கேட்கலாம், கிள்ளான் லிட்டில் இந்தியாவின் பின்பக்கத்திலும் கேட்கலாம்.

இவற்றின் வித்தையும் லேசானதல்ல. மஞ்சள் பட்டைத் தவளை வறட்சியில் பின்னங்காலால் மண்ணைத் தோண்டிப் பின்பக்கமாகவே உள்ளே இறங்கிவிடும். மழை வந்தால்தான் மேலே வரும். பிடித்தால் பந்து போல உப்பி, தோலில் பசையைக் கசியவிடும். மரத்தவளை இன்னும் கெட்டிக்காரி. தண்ணீருக்கு மேலே இலையிலோ தொட்டிச் சுவரிலோ ஒரு திரவத்தை வெளியிட்டு, பின்னங்கால்களால் அடித்து அடித்து முட்டை வெள்ளைக்கரு நுரைப்பது போல நுரைக் கூடு கட்டி, அதற்குள் முட்டையிடும். மேற்புறம் காய்ந்து ஓடு போலாகும், உள்ளே ஈரம் காக்கும். தண்ணீரிலிருக்கும் மீனுக்கும் எட்டாது. சில நாளில் தலைப்பிரட்டைகள் நெளிந்து, நுரை கரைந்து, கீழே தண்ணீரில் சொட்டும். அந்தத் தலைப்பிரட்டையின் மூக்கு நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். அடுத்த முறை வீட்டுத் தொட்டியில் தலைப்பிரட்டை தென்பட்டால் அந்தப் பொட்டைத் தேடிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு.

தீபகற்ப மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட தவளை இனங்கள் உள்ளன. ஊரோடு ஒத்துப்போகத் தெரிந்தவை அவற்றில் ஒரு கை விரல், இரு கை விரல் அளவுதான். மீதி இனங்களுக்குக் காடு வேண்டும். அவை எங்கே இருக்கின்றன, எப்படிப் பிழைக்கின்றன என்று பார்க்கப் பத்துமலையிலிருந்தே தொடங்கலாம்.

இருட்டுக் குகைத் தேரை

படியேறுகையில் கோயில் குகைக்குச் சற்றுக் கீழே இடப்பக்கம் ஒரு வழி பிரியும். அது இருட்டுக் குகை. வழிகாட்டியோடு உள்ளே சென்று பார்க்கும் ஏற்பாடு முன்பு இருந்தது. 2019இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. மூடி போட்ட குழிக்குள் வாழும் சிலந்தி இனம் ஒன்று இங்கே இருக்கிறது; அதன் அறிவியல் பெயரிலேயே பத்துமலை இருக்கிறது. 2014இல் இந்த மலையிலிருந்து ஒரு பல்லி இனத்தைப் புதிதாக அறிவித்த ஆய்வாளர்கள் அதற்கு 'மெட்ரோபோலிஸ்', அதாவது மாநகர், என்று பெயர் வைத்தார்கள். மாநகரத்துக்கு நடுவே எஞ்சி நிற்பது என்ற பொருளில்.

அந்த இருட்டில் நம் கதாநாயகர் ஒருவரும் உண்டு. ஆற்றுத் தேரை. உள்ளங்கை நிறையும் அளவு, கரடுமுரடான கறுத்த தோல், அசையாமல் உட்கார்ந்தால் பாறைத் துண்டு. இருட்டுக் குகையின் உயிரினங்களைப் பற்றி 1967இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே குகை ஆர்வலர்களுக்கு இந்தத் தேரை பழக்கமானது. வெளிச்சமே இல்லாத இடத்தில் அதற்கு என்ன கிடைக்கும்? வௌவால் எச்சத்தில் கோடிக்கணக்கில் பூச்சிகள் வளர்கின்றன. கரப்பான், வெட்டுக்கிளி போன்ற குகைப்பூச்சிகள். தேரைக்கு அது நாள் முழுக்கத் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடை.

ஆனால் சாப்பாடு கிடைக்கும் இடத்தில் அதற்குக் குடும்பம் நடத்த முடியாது. ஆற்றுத் தேரை முட்டையிடுவது ஓடும் தண்ணீரில். சுண்ணாம்புப் பாறை மலையில் பெய்யும் மழை பிளவுகள் வழியே உள்ளே இறங்கிவிடும். மேலே ஓடை நிற்காது. எனவே அது மலையடிவாரத்து ஆற்றுக்கு வந்தாக வேண்டும். பத்துமலை என்ற பெயருக்கே காரணமான, தைப்பூசத்தன்று காவடி எடுப்பவர்கள் நீராடும் சுங்கை பத்துதான் அந்த ஆறு. இன்று மலைக்கும் ஆற்றுக்கும் இடையே என்ன இருக்கிறது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நெடுஞ்சாலை, கடைவரிசை, ரயில் பாதை, கரை கட்டப்பட்ட கால்வாய்கள். நமக்குச் சிறிது தூர நடை. ஈரத்தோலோடு தார்ச்சாலையைக் கடக்க வேண்டிய தேரைக்கு அது பாலைவனம்.

1878இல் அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் ஹார்னடே இங்கு வந்தபோது பத்துமலையைச் சுற்றிக் காடாக இருந்தது. 1891இல் தம்புசாமிப் பிள்ளை இங்கே முருகன் கோயிலை நிறுவியபோதும், அடுத்த ஆண்டு முதல் தைப்பூசம் நடக்கத் தொடங்கியபோதும் பக்தர்கள் காட்டு வழியில்தான் வந்திருப்பார்கள். இன்று அதே மலை நகரக் கடலில் ஒரு தீவு.

நட்டு வளர்த்த காடு

பத்துமலையிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் கெப்போங். அங்கே இருப்பது 'ஃப்ரிம்' என்று எல்லோரும் அழைக்கும் மலேசிய வன ஆய்வுக் கழகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மிதிவண்டியோடும் நடைக் காலணியோடும் நம் குடும்பங்கள் நிறைய வருகின்றன. உள்ளே நுழைந்ததும் வெயில் இரண்டு படி குறைந்தது போலிருக்கும். மேலே பார்த்தால் கப்பூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், இடையே ஆறு போல வானம் தெரியும். பழங்காலத்தில் பச்சைக் கற்பூரம் தந்த இனம் இந்த மரம்.

முதல்முறை போகிறவர்கள் இதை ஆதிகாலத்துக் காடு என்றுதான் நினைப்பார்கள். ஆனால் 1926இல் இந்த இடம் கைவிடப்பட்ட ஈய லம்பம். குட்டைகள், மணல் மேடுகள், காய்கறித் தோட்டங்கள், லாலாங் புல். அன்றைய வனத்துறைத் தலைவர் கியூபிட், ஃபாக்ஸ்வொர்த்தி என்ற ஆய்வாளரிடம் இந்த நிலத்தை ஒப்படைத்தார். மரக்கன்றுகளை நட ஆரம்பித்தார்கள். 1929இல் ஆய்வு நிலையம் முறையாக அமைந்தது. இன்று 500 ஹெக்டேருக்கு மேல் காடு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மரங்களை நட்டார்கள். தவளைகளை யாரும் நடவில்லை. ஆனாலும் ஓடைக் கரையில் சருகைக் கிளப்பிக்கொண்டு நடந்தால் காலடியில் ஏதோ ஒன்று துள்ளி மறைகிறது. குளத்துக்கு மேல் தொங்கும் கிளையில் நுரைக்கூடு வெள்ளையாகத் தெரிகிறது. எப்படி வந்தன? இந்தக் கழகத்தின் முதுகுப்பக்கம் புக்கிட் லாகோங் காட்டுத்தொடர் ஒட்டியிருக்கிறது. அங்கிருந்து நிழலும் ஈரமும் இறங்கி வந்த வழியாகவே தவளைகளும் வந்திருக்க வேண்டும். இடையில் அவற்றைத் தடுக்க நெடுஞ்சாலை இல்லை.

பத்துமலையையும் கெப்போங்கையும் ஒரே நாளில் பார்த்தால் இந்த வேறுபாடு மனத்தில் தைக்கும். முதலாவது பல கோடி ஆண்டுப் பழைய மலை, ஆனால் துண்டிக்கப்பட்டது. இரண்டாவது ஏறத்தாழ நூறாண்டே ஆன, கையால் நட்ட காடு, ஆனால் இணைந்திருக்கிறது. தவளைக்கு வயது முக்கியமில்லை. ஈரம் அறுபடாத வழி இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

ஏன் ஈரம்? தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈரமண்ணில் உட்கார்ந்து அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. நுரையீரல் இருந்தாலும் தோலாலும் மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தால் மூச்சும் திணறும். மனிதருக்குச் சட்டை எப்படியோ அப்படியல்ல அதற்குத் தோல். குடிநீர்க் குழாயும் மூக்கும் சேர்ந்தது. தோல் வழியே நல்லது போவது போலப் பூச்சிக்கொல்லியும் சோப்புத் தண்ணீரும் போகும். ஓடையில் முதலில் தவளை காணாமல் போனால் அடுத்து என்ன என்று யோசிக்க வேண்டியது நாம்தான்.

கோம்பாக்கில் ஓர் இரவு

கெப்போங்கில் பகலில் பார்ப்பது பாதிதான். தவளையின் நாள் இரவில் தொடங்குகிறது. உயிரியல் படித்த நண்பர் ஒருவரும் அவருடைய ஒன்பது வயது மகளும் அழைத்ததால், ஒரு சனிக்கிழமை இரவு உலு கோம்பாக் பக்கம் போனோம். காராக் நெடுஞ்சாலை வருவதற்கு முன்பு பெந்தோங்குக்குப் போகும் எல்லா வண்டிகளும் ஏறிய பழைய மலைச்சாலை அது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வு மையம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. பல தலைமுறை மாணவர்கள் இங்கே தவளை எண்ணப் பழகியிருக்கிறார்கள். தெமுவான் பூர்வகுடி மக்களின் கிராமங்களும் உண்டு.

தலையில் விளக்கு, காலில் ரப்பர் பூட்ஸ். ஓடையை நெருங்கியதும் 'டங்' என்று இரும்பைத் தட்டியது போல ஒரு சத்தம்.

"அங்கிள், யாரோ சுத்தியல் அடிக்கிறாங்க!" என்றாள் சிறுமி.

"சுத்தியல் இல்லடா, கொம்புத் தவளை" என்று சிரித்தார் நண்பர். "அண்ணே, சத்தம் எங்கேருந்து வருதுன்னு பார்த்துச் சொல்லுங்க பார்ப்போம்."

கால் மணி நேரம் தேடினோம். சருகைத் தவிர ஒன்றுமில்லை. கடைசியில் அவர் விரல் நீட்டிய இடத்தில் ஒரு காய்ந்த இலைக்குக் கண் இருந்தது. கண்ணிமைக்கு மேலேயும் மூக்கு நுனியிலும் தோல் கூராக நீண்டு இலையின் ஓரம் போலவே இருக்கிறது. முதுகில் இலை நரம்பு போலக் கோடுகள். ஓடுவதில்லை, துள்ளுவதில்லை; நம்பி உட்கார்ந்திருக்கிறது. சருகு இருக்கும்வரை அந்த நம்பிக்கை பலிக்கும். சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தால் அது வெறும் தவளைதான்.

இதன் தலைப்பிரட்டைக்கு வாய் புனல் போல மேல்நோக்கித் திறந்திருக்கும். அமைதியான ஓடைத் தேக்கத்தில் நீர்ப்பரப்பின் கீழே தொங்கியபடி, மிதந்து வரும் துணுக்குகளைச் சலித்துத் தின்னும். அந்தத் தேக்கத்தில் மண்ணும் சேறும் கலந்து ஓடினால் புனலில் சேறுதான் விழும். மலைச்சரிவில் ஓரிடத்தில் மரம் வெட்டினால், மைல் தள்ளி ஓடையில் ஒரு குஞ்சு பட்டினி கிடப்பது இப்படித்தான்.

இன்னும் மேலே ஏறினோம். அருவி பாறையில் மோதித் தெறிக்கும் இடம். பேசினால் கேட்காது. அங்கே வழுக்குப் பாறையில் ஒட்டிக்கொண்டு நின்றது அருவித் தவளை. பேராக்கின் லாரூட் மலையின் பெயரைத் தாங்கியது. விரல் நுனி வட்டுகளால் பாறையைப் பிடிக்கிறது. அதன் தலைப்பிரட்டைகளைப் பார்க்க நண்பர் விளக்கை நீருக்குள் அடித்தார். நம் காலையே இழுக்கும் வேகத்தில், கறுப்புப் புள்ளிகளாக அவை பாறையில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. வயிற்றில் உறிஞ்சுவட்டு இருக்கிறது. வேகமான நீரில் அவற்றைத் தின்னும் மீன்கள் குறைவு, பிராணவாயுவுக்குப் பஞ்சமில்லை. ஆபத்தான இடத்தையே பாதுகாப்பாக ஆக்கிக்கொண்ட சாமர்த்தியம்.

இதே யோசனையை நம் முன்னோர் வந்த மண்ணிலும் ஒரு தவளை கண்டுபிடித்திருக்கிறது. தமிழ்நாட்டின் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதியில் வாழும் ஊதாத் தவளை இனம் ஒன்றின் தலைப்பிரட்டைகள் வாயையே உறிஞ்சுவட்டாக்கிக் காட்டாற்றுப் பாறையில் ஒட்டிக்கொள்கின்றன. வளர்ந்த பிறகு ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்கடியில்தான் வாழ்க்கை. மழைக்காலத்தில் இனப்பெருக்கத்துக்காகச் சில நாட்கள் மட்டும் வெளியே வரும். 2017இல் அந்த இனத்தை அறிவித்தவர்கள், 2014இல் காலமான ஊர்வன, இருவாழ்வி ஆய்வாளர் சுப்பிரமணியம் பூபதியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். லாரூட் தவளைக்கும் பூபதி தவளைக்கும் நெருங்கிய உறவு கிடையாது. ஒன்று வயிற்றால் பிடித்தது, மற்றது வாயால் பிடித்தது. காட்டாறு கேட்ட ஒரே கேள்விக்கு இரண்டு குடும்பங்கள் எழுதிய விடை.

திரும்பும் வழியில் ஒரு மரப்பொந்தில் தண்ணீர் தேங்கியிருந்ததைக் காட்டிய நண்பர், போர்னியோவில் நடந்த ஓர் ஆய்வைச் சொன்னார். அங்கே மரப்பொந்தில் வாழும் தவளை ஒன்று, பொந்தில் உள்ள தண்ணீரின் அளவுக்கேற்ப எந்தச் சுருதியில் கத்தினால் அதிகம் எதிரொலிக்கும் என்று பிடித்துப் பார்த்துக் கத்துகிறதாம். 2002இல் 'நேச்சர்' இதழில் வந்த செய்தி. மத்தளக்காரர் வாருக்குச் சுருதி சேர்ப்பதைப் போல. அதே போர்னியோவின் சரவாக்கில், குடுவைத் தாவரத்தின் கிண்ணத்தில் முட்டையிடும், பட்டாணி அளவுத் தவளையை 2010இல் இந்திரனில் தாஸும் ஹாஸும் அறிவித்தார்கள். பொந்து ஒன்றுக்கு, கிண்ணம் ஒன்றுக்கு, அருவிப் பாறை ஒன்றுக்கு என்று காடு வாடகைக்கு விட்ட வீடுகள் அவை. அந்த வீட்டை விட்டு அவற்றுக்கு வேறு வீடு தெரியாது.

"அப்ப மரத்த வெட்டினா அது எங்க போகும்?" என்று கேட்டாள் சிறுமி.

நண்பர் சற்று யோசித்து, "போகாதுடா. அங்கேயே முடிஞ்சிடும்" என்றார். குழந்தையிடம் இப்படிச் சொல்லலாமா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் சொன்னதில் தவறு ஏதுமில்லை.

கிள்ளான் உப்புத் தண்ணீரில்

மலையிலிருந்து ஆறு இறங்கி வந்து சேருமிடம் கிள்ளான். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கோலாலம்பூர் மஸ்ஜித் ஜாமெக் அருகில் கூடி, கடைசியில் போர்ட் கிள்ளான் பக்கம் கடலில் கலக்கின்றன. அங்கே உப்பு நீர், அலையாத்திக் காடு. உப்பில் தவளைக்கு என்ன வேலை? உப்பு பட்டால் அதன் உடலிலுள்ள நீர் தோல் வழியே வெளியே போய்விடும். அதனால்தான் உலகத்தில் கடல்நீரில் வாழும் தவளை ஏறத்தாழ இல்லை.

ஒரு விதிவிலக்கு நம் கரையிலேயே இருக்கிறது: நண்டு தின்னித் தவளை. வயலிலும் கால்வாயிலும் இருக்கும் சாதாரணப் பழுப்புத் தவளைதான். அலையாத்திக் காட்டுக்குள் போனால் நண்டு பிடித்துத் தின்னும். உப்பு நீரில் இருக்க நேர்ந்தால், சிறுநீரோடு வெளியேற்ற வேண்டிய யூரியாவை இரத்தத்திலேயே தேக்கிக்கொள்கிறது. உள்ளேயும் அடர்த்தி, வெளியேயும் அடர்த்தி. எனவே உடல்நீர் வெளியே ஓடுவதில்லை. சுறா மீனும் இதே வழியைத்தான் கையாள்கிறது. போர்ட் கிள்ளான் படகுத்துறையிலிருந்து நண்டுத் தீவு என்று பொருள்படும் பூலாவ் கெத்தாமுக்கு மதிய உணவுக்குப் போகிறவர்கள், தங்களைப் போலவே நண்டு தேடும் இந்தத் தவளையையும் நினைத்துக்கொள்ளலாம்.

எதற்குப் பயப்பட வேண்டும்?

உலகின் இருவாழ்விகளில் ஏறத்தாழ 41 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாக 2023இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. பறவைகளையும் பாலூட்டிகளையும்விட மோசமான நிலை. அமெரிக்கக் கண்டங்களிலும் ஆஸ்திரேலியாவிலும் தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சை பெரும் நாசம் செய்தது. 2019இல் வெளியான ஆய்வுப்படி 501 இனங்களின் சரிவுக்கு அது காரணம். அவற்றில் 90 இனங்கள் அழிந்திருக்கலாம். அந்தப் பூஞ்சையின் பிறப்பிடம் கிழக்காசியா என்று 2018இல் ஒரு மரபணு ஆய்வு சுட்டியது. நம் பகுதித் தவளைகள் நெடுங்காலம் அதனோடு பழகியதால்தானோ என்னவோ, அமெரிக்காவில் கண்ட பேரழிவு இங்கே நிகழவில்லை.

இங்கே பயப்பட வேண்டியது வேறு. மலையடிவாரம் வரை ஏறும் வீடமைப்புத் திட்டம், ஓடையைச் சிமெண்டுக் கால்வாயாக்கும் 'சீரமைப்பு', இரு காட்டுத் துண்டுகளை வெட்டிப் பிரிக்கும் சாலை. கிள்ளான் பள்ளத்தாக்கில் லட்சக்கணக்கில் வாழும் நமக்கு வீடும் சாலையும் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. நானும் அடுக்குமாடியில்தான் இருக்கிறேன். ஆனால் ஓடையின் இரு கரையிலும் சில மீட்டர் மரங்களை விட்டுவைப்பதும், கால்வாயின் அடிப்பகுதியை மண்ணாகவே விடுவதும், சாலைக்கு அடியில் ஈரமான குழாய் வழி ஒன்றை அமைப்பதும் வீடு கட்டுவதைத் தடுக்காது. தாமான் குடியிருப்பாளர் கூட்டத்தில் கார் நிறுத்துமிடத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம். பின்பக்க ஓடையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசலாம்.

மலாய் மொழியில் குறுகிய பார்வையுள்ளவரைக் கொட்டாங்கச்சிக்கு அடியில் கிடக்கும் தவளை என்பார்கள். நாம் கிணற்றுத் தவளை என்போம். கட்சி தாவும் அரசியல்வாதிக்கும் இந்நாட்டில் தவளை என்றுதான் பெயர். 2022இல் அதற்குச் சட்டமே கொண்டுவந்தார்கள். நிஜத் தவளையோ விருப்பப்படி தாவ முடியாத பிராணி. கொட்டாங்கச்சியை அதன் மேல் கவிழ்ப்பது நாம்தான்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் கெப்போங் வன ஆய்வுக் கழகம் பொருத்தமான தொடக்கம். ரவாங் சாலையில் உள்ள காஞ்சிங் அருவியும் நல்ல இடம். மழை பெய்த மறுநாள் காலை மெதுவாக நடந்தால் நிறையக் கண்ணில் படும். இரவில் காட்டுக்குப் போவதானால் அனுபவமுள்ளவரோடு, உரிய அனுமதியோடு மட்டும் போங்கள். மேலே மழை பெய்தால் ஓடையை விட்டு உடனே ஏறிவிடுங்கள். 'கெப்பாலா ஆயர்' என்ற திடீர் நீர்ப்பெருக்கு நிமிடத்தில் வந்துவிடும்.

தவளையைக் கண்ணால் பார்ப்பது போதும். கையில் கொசு மருந்தும் கை கழுவும் திரவமும் இருந்தால் அது நேராக அதன் உடம்புக்குள் போகும். தேரையைத் தொட நேர்ந்தால் கண்ணைத் தேய்க்கும் முன் கை கழுவுங்கள். காதுக்குப் பின்னாலுள்ள சுரப்பியில் நஞ்சு உண்டு. ஓரிடத்துத் தலைப்பிரட்டையைப் பாட்டிலில் அள்ளிக்கொண்டு போய் வேறிடத்தில் விடவேண்டாம். குரலைக் கைப்பேசியில் பதிவு செய்யலாம். ஓரிடத்தில் ஆண்டுதோறும் அதே மாதம் பதிந்து வைத்தால், எந்தக் குரல் குறைகிறது என்பது உங்கள் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

கெப்போங்கில் 1926இல் கன்று நட்டவர்கள் தவளையை நினைத்து நடவில்லை. ஈயம் தோண்டிக் குதறிப்போட்ட மண்ணில் மரம் பிழைக்குமா என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். பிழைத்தது. மரம் வந்தது, நிழல் வந்தது, சருகு சேர்ந்தது, ஓடை தெளிந்தது. அதன் பிறகு, யாரும் அழைக்காமலே, பின்னாலிருந்த மலைக்காட்டின் குரல்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. அந்த மலைக்காடு அங்கே மிச்சமிருந்ததால் வந்தன.